நடிகர் அரங்கில் பாவை: கை, குரல், உடல் ஆகியவற்றின் பிரிநிலை – அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை முன்வைத்து

முன்னுரை

நடிகரும் பாவையும் ஒரே மேடையில் ஒருங்கே தோன்றும் நாடக ஆக்கங்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் உலக அரங்கில் தனித்ததோர் இடத்தைப் பெற்றுள்ளன. தமிழில் பாவைக்கலை குறித்து நிகழ்ந்த ஆய்வுகள் பெரும்பாலும் நாட்டார் கலை என்னும் வகைப்பாட்டிற்குள் நின்று, குழுக்களின் வரலாறு, கதைகள், பாவை செய்முறை, வழக்காறுகள் ஆகியவற்றைத் தொகுத்து அளித்துள்ளன. தோல்பாவை நிழற்கூத்துக் குறித்த மு. இராமசாமியின் ஆய்வும், தென் மாவட்டக் கலைஞர்களிடையே அ.கா. பெருமாள் மேற்கொண்ட கள ஆய்வுகளும் இத்துறைக்கு அடித்தளம் இட்டவை. எனினும், நடிகர் செய்ய இயலாத எதனைப் பாவை அரங்கில் செய்கிறது என்னும் நாடகவியல் வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. அதன் விளைவாக, தற்கால நாடகத்தில் பாவை இடம்பெறும்போது அது ஓர் உத்தியாகவோ, காட்சிக்கு அழகூட்டும் பொருளாகவோ, சிறாரை மகிழ்விக்கும் கருவியாகவோ மட்டும் மதிப்பிடப்படுகிறது.

நடிகரிடத்தில் உடலும் குரலும் இயக்கமும் ஒன்றியிருக்கின்றன. பாவையிடத்தில் அவை வெவ்வேறு இடங்களில் நிற்கின்றன. இந்நிலையை இக்கட்டுரை 'பிரிநிலை' எனக் குறிக்கிறது. பிரிநிலையை மறைப்பதில் அன்று, அதனை அவையோர் அறிய வைத்திருப்பதிலேயே நடிகர் அரங்கில் பாவையின் தனிப்பணி அமைகிறது என்பது கட்டுரையின் கருதுகோள். இதற்கான சான்றுகள் தமிழ் இலக்கியம், தமிழக மற்றும் பாலக்காட்டுப் பாவை மரபுகள், பிறநாட்டு அரங்குகள் ஆகியவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பல மொழியினரும் கலந்து வாழும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் அமையும் தமிழ் அரங்கிற்கு இக்கருதுகோள் எவ்வாறு பொருந்தும் என்பது இறுதியில் நோக்கப்படுகிறது.

பாவை குறித்த தமிழ்ச் சிந்தனை

தமிழ் இலக்கியம் பாவையை இருவேறு திசைகளில் கண்டுள்ளது. ஒன்று, உயிரற்றது உயிருள்ளதுபோல் தோன்றுதல். மற்றொன்று, உயிருள்ளது பாவையாக நிற்றல்.

முதல் திசைக்குத் திருக்குறள் தெளிவான சான்று தருகிறது. நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் (1020), உள்ளத்தில் நாணம் இல்லாதவர் இயங்குவதைக் கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிடுகிறது. இரவு அதிகாரத்துக் குறள் ஒன்று (1058), இரப்பவர் இல்லாத உலகில் மக்களின் இயக்கம் மரப்பாவை சென்று வருவதைப் போன்றதாகும் என்கிறது. இரண்டு இடங்களிலும் பாவை குறைபாட்டின் உவமையாகவே வருகிறது. முன்னதில் அகத்தே நாணம் இல்லை. பின்னதில் ஈதல் என்னும் உறவு இல்லை. ஆயினும் இவ்வுவமைகள் அக்காலத்துப் பாவையாட்டத்தைக் கண்டவர்க்கே பொருள்படும் என்பது கருதத்தக்கது. கயிறு இருப்பதை அறிந்தவரே மயக்கத்தை மயக்கமென உணர்வர். அறிந்தும் மயங்குதல் என்னும் இவ்விருநிலை, பாவை அரங்கின் அடிப்படைச் சுவைப்பு முறையாகும்.

இரண்டாம் திசைக்குச் சிலப்பதிகாரம் சான்று. கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் பாவை என்பதும் ஒன்று. அவுணர் போர்க்கோலம் நீங்கும்படி திருமகள் கொல்லிப்பாவை வடிவில் ஆடியது அது. இங்கே ஆடுபவள் உயிருள்ள பெண். அவள் ஏற்பது திருமகள். திருமகள் ஏற்றதோ பாவை. உயிருள்ள உடல் பாவையின் இயக்கத்தை ஏற்றதனால் வலிமை குறையவில்லை. எதிர்நின்றோர் மயங்கிப் போரைக் கைவிடும் அளவிற்கு அது மிகுந்தது. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகிற்கு ஒப்பாக வரும் கொல்லிப்பாவையும் இவ்வழியில் நினைக்கத்தக்கது.

குறளின் பாவை உயிரை நடிக்கிறது. சிலம்பின் உயிர் பாவையை நடிக்கிறது. பாவையும் நடிகரும் ஒரே மேடையில் நிற்கும்போது இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. பாவையை இயக்கும் நடிகர் தம் முகபாவத்தை அடக்கித் தம்மைப் பொருளாக்கிக் கொள்கிறார். பொருளாகிய பாவை உயிர்ப்பைப் பெறுகிறது. எனவே இது மேலை நாட்டிலிருந்து வந்த புதுமை என்று கொள்வதினும், தமிழ்ச் சிந்தனை முன்பே தனித்தனியாகக் கண்ட இரு நிலைகளின் சந்திப்பு என்று கொள்வதே பொருந்தும்.

மரபில் அமைந்த பிரிநிலை வகைகள்

தமிழ்ப் பாவை மரபுகளைப் பிரிநிலை நோக்கில் அணுகினால் மூன்று வகைகள் புலப்படுகின்றன.

முதலாவது பொம்மலாட்டம். தமிழகப் பொம்மலாட்டம் கயிறும் கம்பியும் இணைந்தது. பாவையின் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். அவ்வளையத்தைக் கலைஞர் முடிபோலத் தலையில் அணிந்துகொள்வார். பாவையின் கைகளை இரு கம்பிகள் இயக்கும். இந்தியப் பாவைகளுள் அளவாலும் எடையாலும் பெரியனவாகிய இவற்றுள் சில நாலரை அடி உயரமும் 10 கிலோ எடையும் உடையன. விரல் நுனியால் மட்டும் இத்தகைய பாவையை ஆட்டிவிட இயலாது. கலைஞர் தலை அசைத்தால் பாவையின் உடல் அசைகிறது. அவர் முன்னே அடியெடுத்து வைத்தால்தான் பாவை நடக்கிறது. திரைக்குப் பின்னே ஓர் ஆட்டம், திரைக்கு முன்னே அதன் நிழலாக மற்றோர் ஆட்டம் என்று ஆட்டம் இரண்டாகிறது. மறைந்திருப்பினும் கலைஞரின் முழு உடலும் நிகழ்த்துதலில் ஈடுபடுவதால், பொம்மலாட்டக் கலைஞரை நடிகர் என்று கொள்வதற்குத் தடையில்லை.

இரண்டாவது, தமிழகத் தோற்பாவைக்கூத்து. இதில் குரலே மையம். ஆட்டுத்தோலில் செய்த பாவைகளைத் திரையில் பொருத்தி இயக்கும் முதன்மைக் கலைஞர் ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் குரல் மாற்றிப் பேசுகிறார். நகைச்சுவை மாந்தராகிய உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் ஆகியோரின் வழக்குப் பேச்சும் அவருடையதே. ஓர் உடலிலிருந்து பல குரல்கள் எழுந்து பல தோல்வடிவங்களில் சென்று தங்குகின்றன. இக்கலையை நிகழ்த்தும் மண்டிகர் சமூகத்தாரின் வீட்டுமொழி மராத்தி. கூத்தின் மொழி தமிழ். ஆகவே இங்குப் பிரிநிலை உடலுக்கும் குரலுக்கும் இடையே மட்டுமன்றி, கலைஞரின் மொழிக்கும் பாவையின் மொழிக்கும் இடையேயும் நிற்கிறது.

மூன்றாவது, பாலக்காட்டுப் பகுதியின் தோற்பாவைக்கூத்து. பத்திரகாளி கோயில்களில் இதற்கெனவே கட்டப்பட்ட கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் ஒளியில், கம்பராமாயணப் பாடல்களை ஓதி விரிவுரை கூறி இது நிகழ்த்தப்படுகிறது. கேட்போரின் மொழி மலையாளம். ஓதப்படும் பாடல் தமிழ். விரிவுரையோ இரண்டும் கலந்தது. கலைஞர்கள் 'புலவர்' என்றே அழைக்கப்படுகின்றனர். தாருகனை அழிக்கச் சென்றதனால் இராம இராவணப் போரைக் காண இயலாத காளிக்காகவே கூத்து நடத்தப்படுகிறது என்பது கோயில் வழக்கு. இம்மரபை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில், மாடத்தின் முன்னே மக்கள் ஏறத்தாழ இல்லாத இரவுகளிலும் கூத்துத் தொடர்வதையும், அதனால் புலவர்கள் ஒருவருக்கொருவர் அவையோராகி வினாவும் விடையுமாக உரை வளர்ப்பதையும் விரிவாகக் காட்டியுள்ளார். திரையில் பாவைகள் பெரும்பாலும் அசையாது நிற்க, திரைக்குப் பின்னே உரையாடல் வளர்கிறது. அசைவு குறையினும் பாவைக்கூத்துக் குறைவதில்லை என்பதற்கு இது வலிய சான்று.

பாலக்காட்டில் அண்மை ஆண்டுகளில் தோற்பாவைகளை இயந்திரக் கரங்களால் இயக்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. காட்சியளவில் இது வெற்றி பெறக்கூடும். ஆனால் கூத்துமாடத்தின் உயிர்நிலை வினாவுக்கு விடை கூறும் மற்றொரு புலவரின் இருப்பில் உள்ளது. இயந்திரம் கையின் வேலையைச் செய்யும், எதிர்மொழி கூறாது. பாவைக்கலையைக் 'கையின் திறன்' என்று மட்டும் வரையறுத்தால் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

நடிகர் விட்ட இடத்தில் பாவை

பாவை அரங்கும் நடிகர் அரங்கும் ஒன்றிற்கொன்று கொடுத்தும் கொண்டும் வந்துள்ளன. இலங்கையின் தென்கரையில் அம்பலாங்கொடைப் பகுதியில் வழங்கும் 'ரூகட' என்னும் நூற்பாவை நாடகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தமிழ்க் கூத்து மரபின் தாக்கத்தால் சிங்களத்தில் உருவான நாடகம் என்னும் வகை, பார்சி பாணியிலான புதிய மேடை நாடகங்களின் வருகைக்குப் பின் நடிகர் அரங்கில் தளர்ந்தது. அதன் கதைகளையும் இசையையும் பாவைக் குழுக்கள் ஏற்றுத் தொடர்ந்தன. 2018இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தமிழகப் பொம்மலாட்டத்தில் அரிச்சந்திரன், வள்ளி திருமணம் போன்ற கதைகள் மேடை நாடகத்தோடு பொதுவாக வழங்குவதும் இவ்வுறவையே காட்டுகிறது. நடிகர் கைவிட்டதைப் பாவை காத்து வைக்கும் என்பது இதனால் பெறப்படும் செய்தி.

சப்பானியரின் பாவை அரங்காகிய புன்ராக்கு பிரிநிலையை மறைப்பதே இல்லை. 1734 முதல் வழக்கிற்கு வந்த முறைப்படி ஒரு பாவையை மூவர் இயக்குகின்றனர். தலையையும் வலக்கையையும் முதன்மைக் கலைஞரும், இடக்கையை இரண்டாமவரும், கால்களை மூன்றாமவரும் ஏற்கின்றனர். முதன்மைக் கலைஞர் பல காட்சிகளில் முகம் மறைக்காமலே தோன்றுவார். மேடையின் பக்கத்தே அமர்ந்த பாடகர் எல்லா மாந்தர்க்கும் குரல் தருவார். கை ஓரிடத்தும் குரல் மற்றோரிடத்தும் அவையோர் கண்முன் நிற்க, துயரம் மட்டும் பாவையிடத்தில் நிகழ்கிறது. தமிழ்த் தோற்பாவைக் கலைஞரின் ஒற்றைக் குரலும் புன்ராக்குப் பாடகரின் ஒற்றைக் குரலும் ஒப்பிடத்தக்கவை. முன்னவர் திரைக்குப் பின்னும் பின்னவர் அவைக்கு முன்னும் அமர்ந்திருப்பதே வேறுபாடு.

மறக்கச் செய்தலும் நினைவூட்டலும்

தற்கால அரங்கில் இவ்விரு போக்குகளும் எவ்வாறு கிளைத்துள்ளன என்பதைத் தென்னாப்பிரிக்காவின் ஆண்ட்ஸ்பிரிங் பாவைக் குழுவின் இரு நாடகங்கள் கொண்டு அறியலாம்.

2007இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் அரங்கேறிய 'வார் ஆர்ஸ்' நாடகத்தில் ஆள் உயரத்தினும் பெரிய குதிரைப் பாவையை மூவர் இயக்கினர். ஒருவர் தலையையும், மற்ற இருவர் உடலுக்குள் நின்று முன்கால் பின்கால்களையும் ஏற்றனர். அவர்கள் மறைக்கப்படவில்லை. ஆயினும் குதிரையின் மூச்சு, காது அசைவு, எடை மாற்றம் ஆகியவற்றின் நுட்பத்தால் அவையோர் இயக்குவோரை விரைவில் மறக்கின்றனர். கை கண்முன்னே இருந்தும் கருத்தினின்று நீங்குகிறது. இதனை மறக்கச் செய்யும் பிரிநிலை எனலாம். குறள் கூறும் மயக்கத்தின் உச்சநிலை இது.

1997இல் வில்லியம் கெண்டிரிட்ச் இயக்கத்தில், ஜேன் டெய்லர் எழுத்தில் உருவான 'உபுவும் உண்மை ஆணையமும்' நாடகம் இதற்கு மாறானது. நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளைக் கேட்டறிய அமைந்த ஆணையத்தின் முன் பாதிக்கப்பட்டோர் அளித்த வாக்குமூலங்கள் இதில் இடம்பெறுகின்றன. கொடுமை செய்த உபுவையும் அவன் மனைவியையும் நடிகர் நடிக்கின்றனர். சாட்சி கூறுவோரோ மரப்பாவைகள். பாவை தன் தாய்மொழியில் பேச, மேடையில் உள்ள கண்ணாடி அடைப்பிற்குள் நின்று ஒருவர் அதனை ஆங்கிலத்தில் பெயர்க்கிறார். மகனை இழந்த தாயின் சொற்களை ஒரு நடிகர் தம் முகத்தில் ஏற்றால், அவையோர் அவருடைய நடிப்புத் திறனை வியக்க நேரும். அத்துயரம் அவருடைய உடைமைபோல் ஆகும். பாவை அதனை உடைமையாக்கிக் கொள்வதில்லை. இயக்குவோர் பாவையை உற்று நோக்கி நிற்க, அந்நோக்கே அவையோரின் நோக்கிற்கு வழிகாட்டுகிறது. இதனை நினைவூட்டும் பிரிநிலை எனலாம்.

திறனாய்வு நோக்கில் முன்னது கலைநுட்பத்தில் சிறந்தது. பின்னது பாவையின் தேவையை மெய்ப்பிப்பது. குதிரையை நடிகர் நடிக்க இயலாது என்பது செயல்முறைக் காரணம். பிறர் துயரை நடிகர் தமதாக்கிக் கொள்ளலாகாது என்பது அறக்காரணம். பாவையை உத்தி என்னும் நிலையினின்று உயர்த்துவது இவ்வறக்காரணமே.

தீவுகளின் அரங்கு

மேற்கண்ட முடிவு தமிழ் அரங்கிற்கு எங்கே மிகவும் தேவைப்படுகிறது என்று வினவினால், அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் கவனத்திற்கு வருகின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குத் தாய்மொழி எண்ணிக்கையில் வங்காளம், இந்தி ஆகியவற்றை அடுத்துத் தமிழ் நிற்கிறது. தலைநிலத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்றோரும், 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டோரும் இத்தமிழருள் அடங்குவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் பேரிழப்பிற்கு உள்ளான தீவுகளுள் கச்சாலும் ஒன்று. இருமுறை இடம்பெயர்ந்து, மூன்றாம் முறை கடலிடம் இழந்தோரின் நினைவு அங்கே உள்ளது. அந்நினைவை மேடையேற்றும் உரிமை யாருடையது, எம்மொழியில், எவ்வுடலில் என்பன எளிய வினாக்கள் அல்ல.

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், செல்லுலார் சிறை வளாகத்தில் பல ஆண்டுகள் நிகழ்ந்த ஒலி ஒளிக் காட்சி இங்கு நினைக்கத்தக்கது. அதில் நடிகர் எவரும் இல்லை. சிறை வளாகத்து அரசமரம் கதை கூறியது. உயிருள்ள மனிதர் கூறுவதினும், கண்டும் பேசாது நின்ற ஒன்று கூறுவதே சான்றாகும் என்னும் உணர்வு அதற்கு அடிப்படை. பாவை அரங்கின் தொடக்கநிலை இது. ஆனால் அங்கே குரல் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அதனை எழுப்பும் கை அவையோர்முன் இல்லை. மொழியும் இந்தியாகவோ ஆங்கிலமாகவோ அமைந்தது. பொருளுக்குக் குரல் கிடைத்தது. அக்குரலுக்கு எதிர்மொழி கூறும் மனிதர் கிடைக்கவில்லை.

தீவுகளில் அமையும் தமிழ் அரங்கு, தமிழில் மட்டும் நிகழ்ந்தால் அயலார் கேளார். இந்தியில் நிகழ்ந்தால் நினைவின் மொழி அழியும். கூத்துமாடமும் உபு நாடகமும் இச்சிக்கலுக்கு ஒரே திசையில் வழி காட்டுகின்றன. பாவை தமிழில் பேசலாம். அருகே நிற்கும் நடிகர் அதனை இந்தியில் எடுத்துரைக்கலாம், வினவலாம், ஐயுறலாம். பாடல் தமிழாகவும் விரிவுரை கேட்போர் மொழி சார்ந்தும் நிற்கும் பாலக்காட்டு முறை தமிழுக்குக் குறைவு நேராமலே பிறமொழிச் சூழலில் நிலைபெற்றுள்ளது. மொழிபெயர்ப்பை மேடையின் குறையாக மறைக்காமல் நிகழ்த்துதலின் உறுப்பாகவே ஆக்குதல் நடிகர் மட்டும் உள்ள அரங்கில் செயற்கையாகும்; பாவை உள்ள அரங்கில் இயல்பாகும். ஏனெனில் பாவைக்குக் குரல் எப்போதும் பிறரிடமிருந்தே வருகிறது.

எல்லைகள்

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, மனித வடிவங்கள் அனைத்தும் அரங்கப் பாவைகள் அல்ல. நடு நிக்கோபார்த் தீவுகளில் தீய ஆவிகளை அகற்றவும் வீட்டைக் காக்கவும் நிறுத்தப்பட்ட 'கரேயோ' என்னும் மரவடிவங்கள் பல, எட்வர்ட் ஒரேசு மேன் போன்ற ஆங்கில அலுவலர் வழியாக அயல்நாட்டு அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தன. அவை நடித்துக் காட்ட எழுந்தவை அல்ல, காவல் நிற்பவை. அவற்றின் சாயலை மேடைக்குக் கொணர்ந்து 'தீவுத்தன்மை' சேர்ப்பது, சடங்கைக் காட்சிப்பொருளாக்கும் பிழையாகும். தீவுகளின் தொல்குடியினரைப் பாவையாக்கிக் காட்டுவதும் அத்தகையதே. தம் சொற்களைத் தாமே தந்தவர்க்கே பாவை சான்றாகலாம்; பேச அழைக்கப்படாதவர்க்குப் பாவை செய்தால் அது மீண்டும் ஒரு பறிப்பு.

இரண்டாவது, பாவையை எடுத்துக்கொண்டு பாவைக் கலைஞரை விட்டுவிடும் போக்கு. நாடக இயக்குநர் தாமே பாவை செய்து நடிகரிடம் கொடுக்கும்போது வடிவம் கிடைக்கிறது. தலையில் வளையம் தாங்கி 10 கிலோ எடையை இரவெல்லாம் ஆட்டிய உடலின் அறிவு கிடைப்பதில்லை. ஒரே மிடற்றில் பல மாந்தரைப் பிரித்துக் காட்டும் குரல் அறிவும் அவ்வாறே. மரபுக் கலைஞரை ஒரு நாள் பயிற்சிக்கு அழைத்து நன்றி கூறி அனுப்புவதால் இது கைவராது. ஆக்கத்தின் தொடக்கம் முதல் அவர் பங்காளராக இருத்தல் வேண்டும். பாலக்காட்டு மரபு தன் கலைஞரைப் புலவர் என்றழைத்ததும், அவ்வழி வந்த இராமச்சந்திரப் புலவர்க்கு 2021இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டதும் அம்மதிப்பின் அடையாளங்கள். தமிழக மேடையும் ஆய்வுலகமும் அம்மதிப்பை மண்டிகர் கலைஞர்க்கும் பொம்மலாட்டக் கலைஞர்க்கும் அளித்தல் கடன்.

முடிவுரை

பாவையும் நடிகரும் இணைந்த அரங்கு தமிழுக்கு அயலானது அன்று. உயிர்போல் இயங்கும் பாவையையும் பாவையாக ஆடும் உயிரையும் தமிழ் இலக்கியம் கண்டுள்ளது. கை, குரல், உடல் ஆகியவற்றின் பிரிநிலையைப் பொம்மலாட்டம் உடலாலும், தோற்பாவைக்கூத்துக் குரலாலும், கூத்துமாடம் உரையாடலாலும் அமைத்துள்ளன. தற்கால அரங்கு இப்பிரிநிலையை மறக்கச் செய்யவும் கூடும், நினைவூட்டவும் கூடும். பிறர் துயரை, பிறர் மொழியை, பிறர் நினைவை மேடையேற்றும் இடங்களில் நினைவூட்டுவதே தகும். பல மொழியினர் கூடி வாழ்வதும் ஆறாத இழப்பை நினைவில் சுமப்பதுமாகிய தீவுகள் அத்தகைய இடம். அங்கே தமிழ்ப்பாவை பேசுமாயின், அதன் அருகே நிற்கும் மனிதர் மறையாமல் நிற்றல் வேண்டும். அவர் நோக்கு அவையின்மேல் அன்றிப் பாவையின்மேல் இருத்தல் வேண்டும்.